புயலுக்குப் பிறகு கேட்கிற கேள்விகள்

கடலூர் முதுநகரில் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது எங்கள் பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த சபையில், அன்பியப் பொறுப்பு. ஒரு தெருவிலோ ரெண்டு தெருவிலோ இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒருவர் வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, செபித்து, யாருக்கு என்ன கஷ்டம் என்று விசாரிக்கிற சின்னக் குழுதான் அன்பியம். அந்த வேலையாக வீடு வீடாகப் போகிறேன். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று எங்கள் ஊர் நிறையப் பார்த்துவிட்டது. நடுவில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் புயல்: புற்றுநோய், கடன், விபத்து, வீட்டை விட்டுப் போன மகன். திண்ணையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் இறையியல் படித்தவள் இல்லை. வேதத்தில் வாசித்ததையும் இந்த வீடுகளில் பார்த்ததையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

"டீச்சர், நாங்க என்ன பாவம் பண்ணினோம்? இது தண்டனையா?"

எப்போதும் முதலில் வருகிற கேள்வி இதுதான்.

சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், தாழங்குடா என்று கரையோரம் முழுக்க அடித்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, "இது கடவுளின் கோபம்" என்று சிலர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மணலில் விளையாடிக்கொண்டிருந்த நாலு வயசுக் குழந்தையின் மேல் கடவுளுக்கு என்ன கோபம்? அன்றைக்கும் எனக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை, இன்றைக்கும் பொறுக்கவில்லை.

இந்தக் கேள்வி இயேசுவிடமே வந்திருக்கிறது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்துபோனார்கள். "எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட இவர்கள் பெரிய குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள்?" என்று அவரே கேட்டு, அப்படி இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார் (லூக்கா 13). அதோடு விடவில்லை. நீங்கள் உங்கள் மனத்தைத் திருப்புங்கள் என்று கேட்டவர்கள் பக்கமே பேச்சைத் திருப்புகிறார். செத்தவன் கணக்கைப் பார்ப்பது உன் வேலை இல்லை, உன் கணக்கைப் பார் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, "யார் செய்த பாவம்? இவனா, இவன் பெற்றோரா?" என்று சீடர்கள் கேட்டபோதும், இவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்றுதான் சொன்னார் (யோவான் 9).

நாம் செய்வதன் விளைவு நமக்கு வருவது உண்டு. குடித்துக் குடித்து ஈரல் கெட்டால் அதற்குக் காரணம் தெரியும். ஆனால் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது அவர் துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிற அதிகாரம் நம் யாருக்கும் தரப்படவில்லை.

"அப்படின்னா அந்த நேரத்துல கடவுள் எங்கே இருந்தார்?"

இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. இருப்பதுபோலப் பேசிய ஒரு நாளை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், "கடவுளுக்கு ஏதோ ஒரு திட்டம் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பாயில் படுத்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய பின்னங்கழுத்தில், மூன்று நாளாகக் குளிக்காத தலையில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது. அந்தச் சொல்லை அதற்குப் பிறகு நான் எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். லாசர் இறந்தபோது இயேசு கல்லறைக்குப் போகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுகிறார். லாசரின் சகோதரி மரியா அழுவதைப் பார்த்து அவருக்கும் கண்ணீர் வந்துவிட்டது (யோவான் 11). "எல்லாம் சரியாகிவிடும், அழாதே" என்று அவர் அங்கே சொல்லவில்லை.

அப்புறம் சிலுவை. "என் இறைவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று அவரே கத்தினார். பைபிளில் இருக்கிற செபப் பாட்டுகளான திருப்பாடல்களில் (சங்கீதம்) 22-ன் முதல் வரி அது. கடவுள் எங்கே என்று நாம் கேட்கிற கேள்வியைக் கடவுளின் மகனே கேட்டிருக்கிறார். இது விளக்கம் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் வேறு எந்தச் சாமி படத்தின் முன்னும் உட்கார முடியாமல், பாடுபட்ட சுரூபத்தின் முன் மட்டும், அதாவது சிலுவையில் தொங்குகிற இயேசுவின் சிலை முன் மட்டும், மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

"கடவுள் மேல கோபமா வருது. திட்டிட்டேன். அது பாவமா?"

இல்லை. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சபைகளில் இதைச் சொல்லித் தருவதில்லை.

திருப்பாடல்கள் மொத்தம் 150. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். பதிமூன்றாம் பாடலை எடுத்துப் பாருங்கள்: "எவ்வளவு காலம், ஆண்டவரே?" என்று ஆரம்பித்து, எவ்வளவு காலம், எவ்வளவு காலம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. அப்படி அடுக்குவது செபத்தில் மரியாதைக்குறைவு என்று யாரும் அதை வெட்டிவிடவில்லை. 88-ஆம் பாடல் இன்னும் ஒரு படி மேலே. மற்ற புலம்பல்கள் கடைசியிலாவது ஒரு நல்ல வார்த்தைக்கு வந்து சேரும், இது வராது. இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவருக்கு ஒரு நாள் அது மட்டும்தான் பொருந்தும் என்று தெரிந்துதான் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். புலம்பல் என்ற பெயரிலேயே ஒரு நூலும் உண்டு.

நமக்கு இது புதுசும் இல்லை. நம் ஊரில் ஒப்பாரி உண்டு. என் அம்மாவைப் பெற்ற ஆயா, செத்துப்போன மகனைப் பார்த்து, "என்னை விட்டுட்டு எந்த ஊருக்குப் போற சாமி" என்று ராகம் போட்டு அழுதது இன்னும் காதில் இருக்கிறது. கூடியிருந்த பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதார்கள். விடிகிறபோது ஆயா கொஞ்சம் கஞ்சி குடித்தது. கிறிஸ்தவ வீடுகளில் ஒப்பாரி கூடாது, நம்பிக்கை உள்ளவர்கள் அழக்கூடாது, பாட்டுப் பாடுங்கள் என்று இப்போது சிலர் தடுக்கிறார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் அது தவறு என்றே நான் நினைக்கிறேன். முதல் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய திருத்தூதர் பவுல் சொன்னது எதிர்நோக்கு இல்லாதவர்களைப் போல துயரப்படாதீர்கள் என்று (1 தெசலோனிக்கர் 4). துயரமே படாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை.

கோபம் வந்தால் அதைக் கடவுளிடமே கொண்டுபோங்கள். அவரோடு சண்டை போடுகிறவர் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். பேச்சு நின்றுபோன வீடுகளைப் பார்த்துத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

"அமைதி, சமாதானம்னு எல்லாப் பூசையிலும் சொல்றாங்களே. அது என்ன?"

பழைய மொழிபெயர்ப்பில் "சமாதானம்", இப்போதைய திருவிவிலியத்தில் "அமைதி". இரண்டுக்கும் பின்னால் இருக்கிற எபிரேயச் சொல் ஷாலோம். அதற்குச் சண்டை இல்லாமை என்பதைவிடப் பெரிய பொருள். குறையில்லாமல் முழுசாக இருப்பது, உடைந்தது ஒன்று சேர்ந்திருப்பது என்று சொல்லலாம். இயேசு "என் அமைதியை உங்களுக்குத் தருகிறேன்" என்று சொன்னது எந்த நேரத்தில் என்று பாருங்கள். மறுநாள் சிலுவை. கூட இருந்த பன்னிரண்டு பேரில் ஒருவன் காட்டிக்கொடுக்க எழுந்து போயாகிவிட்டது.

மாற்கு 4-இல் புயல் கதை வருகிறது. படகில் தண்ணீர் ஏறுகிறது. இயேசு பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். அந்தத் தலையணையை மாற்கு மட்டும்தான் சொல்கிறார். படகில் இருந்த சீடர்களில் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் எல்லாரும் அந்த ஏரியிலேயே மீன்பிடித்து வளர்ந்தவர்கள். அவர்களே பயந்தார்கள் என்றால் அது நிஜமான புயல். "நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா?" என்று அவரை உலுக்கினார்கள். எனக்கு அந்த உலுக்கல் பிடிக்கும். அழகான செபம் ஒன்றும் இல்லை, ஆனால் அவர் எழுந்தார்.

எங்கள் பக்கத்து மீனவர் ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புயல்ல தூங்கறவன் கூட இருந்தா முதல்ல கோவம்தான் டீச்சர் வரும். அப்புறம்தான், இவன் ஏன் தூங்கறான்னு யோசிக்கத் தோணும்." அமைதியைப் பற்றி இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

"நம்பிக்கைன்னு சொல்றோம், இப்போ எதிர்நோக்குன்னும் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை, குழப்பம் மொழிபெயர்ப்பால் வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது மந்திரம் (செபங்களை அப்படித்தான் சொல்வோம்) படித்த காலத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்றையும் சொல்லுவோம். திருவிவிலியத்தில் 1 கொரிந்தியர் 13 இப்போது நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று வருகிறது. அதாவது முன்பு விசுவாசம் என்றது இப்போது நம்பிக்கை. முன்பு நம்பிக்கை என்றது எதிர்நோக்கு. வயசானவர்கள் பழைய வழக்கத்தையே வைத்துக்கொள்ளலாம், குற்றமில்லை. ஆனால் எதிர்நோக்கு நல்ல சொல். வரப்போகிற ஒன்றை வாசலில் நின்று எதிர்பார்க்கிற தோற்றம் அதில் இருக்கிறது.

2024-இல் இது எங்களுக்கு நேரிலேயே நடந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, அங்கேயே நின்று பெய்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. மறுநாள் டிசம்பர் 1, கிறிஸ்துமஸுக்குத் தயாரிக்கிற திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கு ஏற்ற வேண்டிய முதல் மெழுகுவர்த்தி எதிர்நோக்கின் மெழுகுவர்த்தி. தெருவில் மின்சாரம் இல்லை. பல வீடுகளில் எரிந்த ஒரே வெளிச்சம் மெழுகுவர்த்திதான், அதைத் திருவருகை மெழுகுவர்த்தி என்று யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த ரெண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் கரையோரப் பகுதிகளை மூழ்கடித்தது.

தண்ணீர் வடிந்த பிறகு ஆற்றோரம் இருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். சேறு கழுவின தரை. வாசலில் ஒரு பாட்டி முறத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஊறிப்போன பைபிளை விரித்து வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பழைய தினத்தந்தித் தாளைக் கிழித்துச் செருகியிருந்தார். கையால் பிரித்தால் கிழிந்துவிடும் என்று ஒரு தென்னை ஈர்க்கை நுழைத்து, ஒவ்வொரு பக்கமாக நோகாமல் தூக்கி விட்டார். "எசாயா மட்டும் ஒட்டிக்கிச்சு, மத்ததெல்லாம் வந்துடுச்சு" என்றார். அரிசி மூட்டை போய்விட்டது, ரேஷன் கார்டு போய்விட்டது. இதை ஏன் பாட்டி முதலில் என்று கேட்டேன். "ராத்திரி செபத்துக்கு வேணுமில்ல" என்றார். திருத்தந்தை பிரான்சிஸ் 2025-ஐ யூபிலி என்கிற புனித ஆண்டாக அறிவித்து, எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று அதற்குக் கருப்பொருள் கொடுத்தார். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஈர்க்குதான் நினைவுக்கு வருகிறது.

எபிரேயர் 6 எதிர்நோக்கை நங்கூரம் என்கிறது. கடலூர்க்காரருக்கு நங்கூரத்தை விளக்க வேண்டியதில்லை. போட்ட பிறகு அது கண்ணுக்குத் தெரியாது. கீழே சேற்றைக் கடித்துக்கொண்டு நிற்கும். அலை அடித்தால் படகு ஆடத்தான் செய்யும், இழுத்துக்கொண்டு மட்டும் போகாது. எதிர்நோக்கு உள்ளவர் ஆடவே மாட்டார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

"'உங்களுக்கான நல்ல திட்டம் எனக்கு இருக்கு'ன்னு ஒரு வசனம் ஸ்டேட்டஸ்ல வருதே, அதை நம்பலாமா?"

எரேமியா 29:11. நம்பலாம், ஆனால் முன்னால் இருப்பதையும் சேர்த்து வாசியுங்கள். பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட மக்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று வேறு சிலர் அவர்களுக்கு ஆசை காட்டிக்கொண்டிருந்தார்கள். எரேமியா 70 ஆண்டு ஆகும் என்று எழுதினார். கேட்ட பாதிப்பேர் அதைப் பார்க்க உயிரோடு இருக்க மாட்டார்கள். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற ஊரின் நலனுக்காக மன்றாடுங்கள்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பாட்டன் வைத்த மரங்கள். விதைக்கன்று வைத்தால் பலா காய்க்க ஏழெட்டு வருஷம் பிடிக்கும். அதை அடுத்த மழைக்கே நட்ட அறுபது, எழுபது வயசுக்காரர்கள் இருக்கிறார்கள். எரேமியா யாருக்குக் கடிதம் எழுதினார் என்று அவர்களைப் பார்த்தால் புரியும்.

"செபிக்க உட்கார்ந்தா வார்த்தையே வரலை. என்ன பண்றது?"

வராவிட்டால் பரவாயில்லை. எப்படிச் செபிப்பது என்று நமக்குத் தெரியாதபோது தூய ஆவியார் சொல்லமுடியாத பெருமூச்சுகளால் நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று உரோமையர் 8 சொல்கிறது. பெருமூச்சு விட எல்லாருக்கும் தெரியும்.

செய்து பார்த்ததில் பயன்பட்டவை சில. ஒரே ஒரு வரியை எடுத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது பாதி, விடும்போது பாதி: "ஆண்டவரே... இரங்கும்." பஸ்ஸில் போகும்போதும் ஸ்கேன் எடுக்கக் காத்திருக்கும்போதும் இது உதவும். செபமாலை தெரிந்தவர்களுக்குச் செபமாலை. வாய் நின்றுவிட்டாலும் விரல் மணியை நகர்த்திக்கொண்டிருக்கும், அதுவே போதும் என்று சில நாள் இருக்கும். அதற்கும் முடியாவிட்டால் அடுத்தவரைக் கேளுங்கள். முடக்குவாதக்காரனை நாலு பேர் இயேசுவிடம் தூக்கிக்கொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு இயேசு பேசினார் என்றுதான் எழுதியிருக்கிறது (மாற்கு 2). நமக்குப் பதிலாக வேறு ஆட்கள் நம்பலாம், அன்பியம் எதற்கு இருக்கிறது?

"வில்லியனூருக்கு நேர்ந்துக்கிட்டா நடக்குமா?"

போய் வாருங்கள். புதுச்சேரிக்குப் பக்கத்து வில்லியனூரில் இருக்கிற லூர்து மாதா கோயில் 1877-இல் கட்டியது. கோயிலுக்கு எதிரே குளம். ஈஸ்டர் முடிந்து வருகிற திருவிழாவில் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வரும், மத வித்தியாசமில்லாமல். அரியாங்குப்பம் ஆரோக்கிய மாதா, விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் புடவை கட்டிய தமிழ்ப் பெண்ணாக வைத்த பெரியநாயகி மாதா என்று நமக்கு அழுவதற்கு இடம் குறைவில்லை. ஆகஸ்டு கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுப்பது எங்களுக்கே ஒரு செபம்.

நேர்ச்சையைப் பேரமாக மட்டும் ஆக்காதீர்கள். "இதைச் செய்தால் அதைத் தருவேன்" என்று வைத்து, அது நடக்காதபோது மாதாவே கைவிட்டுவிட்டார் என்று உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கி மொட்டை, கடன் வாங்கி அன்னதானம் வேண்டவே வேண்டாம்.

"செபிச்சும் குணமாகலை. விசுவாசம் பத்தலைன்னு சொல்றாங்க."

அப்படிச் சொல்கிறவரைக் கேளுங்கள்: பவுலுக்கு விசுவாசம் பற்றவில்லையா? தன் உடலில் தைத்த முள் போல ஒரு துன்பம் நீங்க வேண்டும் என்று மூன்று முறை வேண்டினார். நீங்கவில்லை. "என் அருள் உனக்குப் போதும்" என்ற பதில் மட்டும் கிடைத்தது (2 கொரிந்தியர் 12). பிடிபடுவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே துன்பக் கிண்ணத்தை அகற்றச் சொல்லிக் கேட்டார், அகலவில்லை. கொல்கத்தாவின் அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் இருட்டாகவே இருந்தது என்று கடிதங்களில் எழுதியிருக்கிறார். அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2007-இல், அவை புத்தகமாக வந்தபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. அந்த இருட்டோடேயே அவர் விடிகாலையில் எழுந்து வேலைக்குப் போனார்.

இன்னொன்று. யார் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்சுலின், வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை எதையும். செபத்தையும் வைத்தியத்தையும் எதிரெதிரே நிறுத்துவது வேதத்தில் இல்லை. லூக்காவே மருத்துவர்தான், பவுல் அவரை "அன்பார்ந்த மருத்துவர்" என்கிறார்.

"உயிரோட இருக்கவே பிடிக்கலை. கிறிஸ்தவங்க இப்படி நினைக்கலாமா?"

எலியா என்ற இறைவாக்கினரே நினைத்தார். எதிரிகளை ஜெயித்த மறுநாளே உயிருக்குப் பயந்து பாலைவனத்துக்கு ஓடி, ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்றார் (1 அரசர்கள் 19). கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்க விட்டார். வானதூதர் வந்து தொட்டு எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பாடு. பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே உங்களுக்கு இந்த எண்ணம் வந்தால் அது பாவமா என்று யோசித்து இன்னும் உள்ளே போகாதீர்கள். இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற எண் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். அரசு நடத்துவது, கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் உங்கள் பங்குச் சாமியாரையோ ஒரு சிஸ்டரையோ கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் இப்படிப் பேசினால் "சும்மா மிரட்டுறான்" என்று விட்டுவிடாதீர்கள். கூடவே இருங்கள். பூச்சி மருந்து வீட்டில் இருந்தால் இப்போதே எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

அப்படி ஒருவரை இழந்த குடும்பங்களுக்கு: உங்கள் பிள்ளைக்குக் கோயில் அடக்கம் கிடையாது, மோட்சம் கிடையாது என்று யாராவது சொன்னால் அது இன்றைய திருச்சபையின் போதனை இல்லை. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனவேதனையும் பயமும் பொறுப்பைக் குறைக்கும், தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் கடவுள் அவர்களுக்கு மனம்திரும்ப வாய்ப்பளிக்க முடியும் என்று மறைக்கல்வி நூலே சொல்கிறது. அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுங்கள், பெயரைச் சத்தமாகச் சொல்லி.

"குழுக் கடன் வாரா வாரம் வந்து நிக்குது. செபம் என்ன பண்ணும்?"

தவணையைச் செபம் கட்டாது. ஆனால் மறைத்து வைத்த கடன்தான் கழுத்தை நெரிக்கும். யாருக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி, கணவன் மனைவி ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். அப்புறம் நம்பகமான ஒருவரிடம் காட்டுங்கள். பல பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. 1833-இல் பாரிசில் ஒசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் போய் உதவ ஆரம்பித்தது. வெளியே தெரியாமல் அரிசி, பள்ளிக் கட்டணம், மருந்து என்று செய்வார்கள். கேட்பது அவமானம் இல்லை.

"நாங்க கிறிஸ்தவங்க இல்லை. கோயிலுக்குள்ள வந்து உட்காரலாமா?"

தாராளமாக. புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவில், மிஷன் வீதியில் சம்பா கோவிலில், பகலில் போனால் யார் என்ன மதம் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பூசை நேரத்தில் கொடுக்கிற அப்பத்தை, அதாவது நற்கருணையை, மட்டும் வாங்காமல் இருந்தால் போதும்.

"துக்க வீட்டுக்குப் போனா என்ன சொல்றது?"

பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள், கடைசியில் கடவுளே அவர்களைக் கண்டித்தார்.

போங்கள், உட்காருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மூன்றாம் நாளோடு நிறுத்திவிடாதீர்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் போன பிறகு, நாற்பதாம் நாளும் முடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குழம்பு எடுத்துக்கொண்டு போங்கள். அப்போதுதான் அந்த வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

"எதிலிருந்து வாசிக்க ஆரம்பிக்கலாம்?"

திருப்பாடல் 13, 42, 130. மாற்கு 4. உரோமையர் 8. யோவான் 21. யோபு வேண்டாம், நீளம்; மனசு கொஞ்சம் தேறிய பிறகு வாசிக்கலாம்.

"எத்தனை நாள்ல சரியாகும்? மறுபடி சிரிச்சா தப்பா தெரியுதே?"

தப்பில்லை. ஆனால் நாள் கணக்கு யாராலும் சொல்ல முடியாது.

யோவான் 21 சொன்னேன் இல்லையா. உயிர்த்த பிறகு இயேசு கடற்கரையில் நிற்கிறார். திபேரியக் கடல் என்று சொன்னாலும் அது பெரிய ஏரிதான். சீடர்கள் ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் கிடைக்காமல் வருகிறார்கள். கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். பேதுரு அவரைத் தெரியாது என்று மறுதலித்த இரவிலும் ஒரு கரி நெருப்புதான் எரிந்துகொண்டிருந்தது, இதே யோவான்தான் அதையும் எழுதியிருக்கிறார். அதே மாதிரி நெருப்பைப் பேதுரு மறுபடி பார்க்கிறார். இயேசு நடந்ததைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "வாருங்கள், சாப்பிடுங்கள்" என்றார். மற்றதெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்று சொன்ன அந்தத் தாய் இப்போது மீன் விற்கிறாள். ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேவனாம்பட்டினம் கரைக்கு வருகிறாள். மற்றவர்கள் கடலில் பாலை ஊற்றிப் பூப்போடும்போது அவளும் ஒரு முழம் சாமந்தியைப் போடுகிறாள். நான் கூடப் போவேன், பேச மாட்டேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பூவைப் போட்டுவிட்டுத் திரும்பியவள், "டீச்சர், அவன் இருந்திருந்தா இப்போ இருபத்தஞ்சு வயசு. பொண்ணு பாத்திருப்பேன்" என்று சொல்லிக் கொஞ்சம் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வஞ்சிரம் வந்திருக்கு, வீட்டுக்கு ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க" என்று கூடை இருந்த பக்கம் நடந்தாள்.